கை தூக்காத மாப்பிள்ளை

துடுப்புப் படகில் உட்காருகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம். இது எனக்குப் படகுக்குள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நான் பாட்டுக்கு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துடுப்பைத் தொடுவதற்கு முன்பே சிரிப்பு மூட்டிய ஆள் என்று அந்தச் சங்கத்தில் எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதைக் காப்பாற்றிக்கொள்ள அப்புறம் நான் தனியாக எந்தப் பாடும் படவில்லை.

போன இடத்தைப் பார்த்துக்கொண்டே போகாத இடத்துக்குப் போவது எனக்குப் புதிதல்ல. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கிற அலுவலகமே அப்படித்தான் ஓடுகிறது. என்ன, அலுவலகத்தில் மோட்டார் படகு வராது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் முழங்கால். நடக்கக் கூடாது, ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சும்மா இருப்பதுதான் எனக்கு நன்றாக வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தது மேலதிகாரியின் காதில் விழுந்துவிட்டது. அவர் சென்னையிலிருந்து காரில் வருகிறவர். முட்டுக்காட்டு உப்பங்கழியில் விடியற்காலையில் துடுப்புப் போடும் ஒரு சின்னச் சங்கத்துக்கு அவர்தான் எல்லாமும். முழங்காலுக்கு இதைவிட நல்லது கிடையாது, ஒருநாள் வந்து பாருங்கள் என்றார். மேலதிகாரி 'வந்து பாருங்கள்' என்றால் அதை அழைப்பு என்று நினைக்கிறவன் அலுவலகத்துக்குப் புதியவன். என் வீடு கேளம்பாக்கத்தில். தூரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நான் கருங்குழிக்காரன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் ஏரி, அதிலும் பாதி வருஷம் மாடு மேயும். ஆனால் கல்யாணம் பண்ணிக்கொண்டது கடற்கரைக் குப்பத்துப் பெண்ணை. இரண்டு வீடுகளும் எங்களைக் கொஞ்ச காலம் தலைமுழுகி வைத்திருந்தன. முதலில் மனம் இறங்கி வந்தவர் என் மனைவியின் அண்ணன். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் கையில் ஒரு முழு வஞ்சிரத்தோடு நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்றேன்.

"மொதல்ல மீன உள்ள வுடுங்க மாப்ள. நான் அப்பால வரேன்."

அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சான். ஊரில் எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு கஷ்டம் என்று வந்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த மீன், அப்புறம் அதைப் பிடித்திருந்த கை.

அந்த வலது கை இப்போது காதுக்கு மேல் போகாது. கடலில் வலை இழுக்கும்போது தோள்பட்டை கழன்று, சரியாகச் சேராமலே போய்விட்டது. வலை இழுக்க முடியாத ஆளை ஏற்றிக்கொண்டு போக எந்தப் படகுக்கும் கட்டுப்படியாகாது. கடலை விட்டு வந்தவர், கழியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றும் ஒரு முதலாளியிடம் மோட்டார் படகு ஓட்டச் சேர்ந்தார். ஸ்டியரிங் பிடிக்கக் கை காதுக்கு மேல் போக வேண்டியதில்லை. தண்ணீர்மேல் அவரால் செய்ய முடிகிற வேலை அது ஒன்றுதான். அதுவும் போனால் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஏதாவது அடுக்குமாடியில் வாட்ச்மேன் உடுப்பு மாட்ட வேண்டியதுதான் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் வயசுக்காரர்கள் சிலர் ஏற்கெனவே அப்படிப் போயிருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மச்சான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். தாகமில்லாமல் குடிக்கிறார் என்பது பார்த்தாலே தெரியும்.

இப்படியாக ஒரே கழியில் மச்சான் மோட்டாரில், மாப்பிள்ளை துடுப்பில்.

கழி பார்க்கத்தான் அகலம். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கிவிட்டால், ஆழம் என்று மிஞ்சுவது நடுவில் ஓடுகிற ஒரு வாய்க்கால்தான். இரண்டு பக்கமும் சேறு. மோட்டார் படகும் அதில்தான் போயாக வேண்டும், துடுப்புப் படகும் அதில்தான். துடுப்புப் படகு என்பது முருங்கைக்காய் மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. பக்கத்தில் ஒரு ஸ்பீடு போட் போனால் அதன் பின்னாலேயே வருகிற அலை போதும், உள்ளே இருக்கிறவனைக் கொட்டிக் கவிழ்த்துவிடும்.

சங்கத்தாருக்கு அதுதான் கோபம். வேண்டுமென்றே அலை அடிக்கிறார்கள், ரௌடிகள் என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கவிழ்ந்து, படகின் இரும்பு விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்து தையல் போட்டிருந்தது. அதனால் அந்தக் கோபத்தை ஒரேயடியாகத் தப்பென்று சொல்லவும் முடியாது. மோட்டார்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். டிக்கெட் எடுத்து ஏறுகிறவன் மெதுவாகப் போகவா ஏறுகிறான், பின்னாலிருந்து 'அண்ணே இன்னும் ஸ்பீடு' என்று கத்துகிறான். மெதுவாகப் போனால் முதலாளி கத்துகிறார். யார் கத்தலுக்கு ஓட்டுவது?

ஆனால் அவர்களுடைய உண்மையான வருத்தம் வேகத்திலோ வழியிலோ இல்லை. அதை எனக்குச் சொன்னது என் மனைவி.

கடலில் ஒரு படகு இன்னொரு படகைக் கடந்தால் கை தூக்க வேண்டும். தெரிந்தவன், தெரியாதவன், பேச்சுவார்த்தை இல்லாதவன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. உன்னை நான் பார்த்துவிட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். போனவன் திரும்பி வராத நாளில், கடைசியாக எங்கே இருந்தான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் இல்லையா, அதற்காக வந்த பழக்கம். கை தூக்காமல் போகிறவனுக்கு ஒன்று கண் தெரியவில்லை, இல்லையென்றால் திமிர். கழிக்கு வந்த பிறகும் இவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சங்கம் வந்த புதிதில் துடுப்புப் படகுகளைப் பார்த்து எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள். ஒருவரும் திருப்பித் தூக்கவில்லை. காரில் வருகிறவர்கள், மெட்ராஸ்காரர்கள், நம்மை ஆளாகவே மதிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம்மை மதிக்காதவனுக்காக நாம் எதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்?

விஷயம் என்னவென்றால், துடுப்புப் போடுகிறவனால் கை தூக்க முடியாது. கயிற்றின்மேல் நடக்கிறவன் கையில் ஒரு நீளக் கோல் இருக்குமே, அந்த மாதிரி, இரண்டு துடுப்புகளும்தான் படகை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. ஒரு பிடியை விட்டாலும் போச்சு. சங்கத்தில் சொல்லித் தருகிற முதல் பாடமே, வானம் இடிந்து விழுந்தாலும் பிடியை விடாதே என்பதுதான்.

இரண்டு பக்கத்துச் சேதியும் தெரிந்த ஒரே ஆள் நான். நாட்டாமை ஆசை யாரை விட்டது? முதலில் மேலதிகாரியிடம் போனேன். அவர்கள் கை தூக்குவது கும்பிடு மாதிரி சார், நாம் திருப்பிச் செய்யாததுதான் பிரச்சினை என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கல்ச்சர் வேற, சேஃப்டி வேற சார்" என்றார். அதோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது.

பிறகு படகுத்துறை டீக்கடைக்குப் போனேன். மோட்டார்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள், மச்சானும் இருந்தார். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, துடுப்புப் போடுவது எப்படி என்று நடித்தே காட்டினேன். இரண்டு கையும் வேண்டும், ஒன்றை விட்டால் இப்படிக் கவிழும் என்று பக்கவாட்டில் சாய்ந்தும் காட்டினேன். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை போலிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் சிரித்து ஓய்ந்ததும் ஒருவர் சொன்னார்:

"ரெண்டு கையும் வேணுமா? எங்க நைனா ஒத்தக் கையில துடுப்பு போட்டுகினே ஒத்தக் கையில பீடி புடிப்பாரு."

இன்னொருவர் மச்சான் பக்கம் திரும்பினார். "அண்ணாத்த, உன் மாப்ள பெரிய எடம். உனக்கே கை தூக்க மாட்டேன்றாரு. நாங்கல்லாம் எம்மாத்திரம்?"

மச்சான் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். போகும்போது என் தோளை லேசாகத் தட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் சேதி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. என் மனைவி முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யோவ், எங்கண்ணன் தெனமும் உனுக்குக் கை தூக்குது. நீ அது மூஞ்சியப் பாத்துகினே போறியாம். ஒரு கையத் தூக்குனா குடியா முழுகிடும்?"

குடி முழுகாது, நான்தான் முழுகுவேன் என்றேன். அவளும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அது நல்ல வாரமாக இல்லை.

சரி, ஒரே ஒரு தடவை தூக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். படகுத்துறையில் எல்லோரும் பார்க்கிற நேரமாகப் பார்த்து, மச்சானுக்கு ஒரு கை. அவ்வளவுதான். அவரை யாரும் அந்தப் பேச்சுப் பேச முடியாது. பிறகு எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். எனக்கு ஏதாவது ஆகும் என்பதுவரை நான் சரியாகத்தான் யோசித்திருக்கிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. சூரியன் கிளம்புவதைத் தண்ணீர்மேல் இருந்து பார்க்க ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்திருந்தது. மாப்பிள்ளை, பெண், உறவுக்காரர்கள் என்று எல்லோரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் படகில் ஏறினார்கள். நான் அதற்குள் துறையைத் தாண்டி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிப் போவதில் ஒரு வசதி உண்டு. பின்னால் வருகிறவன் முகம் நன்றாகத் தெரியும். மச்சான் படகு வேகமாகத்தான் வந்தது. என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். கிட்டே வருவதற்குள் இன்ஜினையே நிறுத்திவிட்டார். சத்தம் நின்றதும் கழியே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. மடவை மீன் ஒன்று எங்கோ துள்ளி விழுந்தது. மச்சான் எழுந்து நின்று, எப்போதும்போல் இடது கையை உயரத் தூக்கினார்.

துறையில் மோட்டார்காரர்கள் நிற்கிறார்கள். இந்தப் பக்கக் கரையில் மேலதிகாரி நிற்கிறார். நான் வலது கைப் பிடியை விட்டுவிட்டு, கையை நன்றாக உயர்த்தினேன்.

துடுப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போது விட்டிருக்கக் கூடாது. அது தண்ணீருக்குள் ஆழமாய்ப் பாய்ந்து, அதன் பிடி வந்து என் விலாவில் ஒரு குத்து விட்டது. அதற்கப்புறம் வானம் இருந்த இடத்தில் கழி இருந்தது. உப்பும் சேறும் வாய்க்குள் போயின. கால்கள் இரண்டும் படகோடு பொருத்திய செருப்புகளில் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றை உதறிக்கொண்டே, தூக்கின கையை மச்சான் பார்த்தாரா என்றுதான் யோசித்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் கவலை.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மச்சான்தான். படகிலிருந்து குதித்துவிட்டார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு உயிருக்குப் போராடினேன். நிஜமாகவே போராடினேன்.

"காலை ஊனுங்க மாப்ள."

ஊன்றினேன். தண்ணீர் இடுப்புவரைதான் இருந்தது. வாய்க்காலின் ஓரத்தில் விழுந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்கு வரவில்லை. அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். நானும் திரும்பினேன். ஓட்ட ஆளில்லாத படகு மெதுவாக மிதந்து போய்ச் சேற்றில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கல்யாண வீட்டார் மொத்தமாக அலறினார்கள். அலறாமல் இருந்தவர் ஒருவர்தான், அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பெண்ணின் பட்டுப்புடவையில் மட்டும் சேறு.

அன்று மத்தியானத்துக்குள் மேலதிகாரி படகு முதலாளியிடம் பேசிவிட்டார். வேகமாக நெருங்கி வந்து அலை அடித்தது, ஒருவரைக் கவிழ்த்தது, ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுநர் குதித்தது என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். தையல் போட்ட பெண்ணின் முகமும் அவர் மனதில் இருந்திருக்கும். நான் ஓடினேன். சார், அலையெல்லாம் இல்லை, இன்ஜினை நிறுத்திவிட்டார், நானாகத்தான் கையை விட்டு விழுந்தேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கனிவு. "உங்க சொந்தக்காரர்னு தெரியும் சார். நான் உங்க இடத்துல இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

காலம் முழுக்க எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்துவிட்டால், ஒருநாள் உண்மையைச் சொல்லும்போது அதற்கென்று தனி முகம் ஒன்று தேவைப்படுகிறது. என்னிடம் அது இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், எப்படி வைத்துக்கொண்டாலும் ஏதோ வேடிக்கை சொல்லப் போகிறவன் மாதிரியே இருக்கிறது.

வாயால் சொன்னால்தானே நம்ப மாட்டார்கள், செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் மேலதிகாரியையும் சங்கத்தாரையும் கரையில் நிறுத்தினேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு மோட்டார் படகு கிடையாது, தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி இருந்தது. கரைக்குப் பக்கத்திலேயே படகை நிறுத்தினேன். எல்லோரும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிடியை விட்டுக் கையை உயர்த்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். படகு அப்படியே இருந்தது. துடுப்புகள் இரண்டும் தண்ணீர்மேல் கோழி இறக்கை விரித்த மாதிரி கிடந்தன. நின்ற படகில் துடுப்பு மட்டமாகக் கிடந்தால் கவிழாது, இழுக்கும்போது விட்டால்தான் கவிழும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரியாது. இன்னொரு கையையும் விட்டேன். ஆட்டிப் பார்த்தேன். இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டினேன். வாழ்க்கையில் விழக்கூடாத இடத்திலெல்லாம் விழுந்திருக்கிறேன், விழ வேண்டிய அன்றைக்கு வரவில்லை. நேரம் போகப் போகப் படகு எனக்குப் பழகிப்போய், இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. கரையில் ஒருவர் கை தட்டினார்.

"பேலன்ஸ் நல்லா வந்துடுச்சு சார்" என்றார் மேலதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "போதும், வாங்க. உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார்.

அவருக்கு என் மனது புரிந்தது. நான் சொன்னதுதான் புரியவில்லை.

மிச்சமிருந்தது படகு முதலாளி. குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். உங்கள் மச்சானே ஒத்துக்கொண்டுவிட்டார், இனிமேல் நீங்கள் என்ன சொல்லி என்ன என்றார். ஆட்களோடு படகை விட்டுக் குதித்ததை ஊரே செல்போனில் பார்க்கிறது, அந்த ஆளை மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைத்தால் என் படகில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்தவனிடம் என்ன பதில் இருக்கும்?

குப்பத்துக்குப் போனேன். மச்சான் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"இன்ஜின ஆஃப் பண்ணா அலையும் ஆஃப் ஆயிடுமா மாப்ள? பின்னால வர்றது வந்துகினுதான் இருக்கும். என் அலைதான்."

"இல்ல மச்சான், நான் கைய வுட்டேன். உங்களுக்குக் கை தூக்கினேன்."

"எனுக்கா?" என்று தோளைத் தேய்ப்பதை நிறுத்தினார். "வுழறப்ப காப்பாத்தச் சொல்லிக் கூப்புடறீங்கன்னு இல்ல நெனச்சேன். அதான் குதிச்சேன்."

நான் மறுபடி விளக்கினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"நீங்க ஏன் கைய வுடப் போறீங்க? வுட்டா கவுந்துடும்னு டீக்கடையில நீங்களே நடிச்சிக் காட்டலியா? வுடுங்க மாப்ள. எனுக்காகப் பொய் சொல்லி ஆபீசுல பேர கெடுத்துக்காதீங்க."

அந்தப் பெஞ்சு நடிப்பை அவர் ஒருவர்தான் நம்பியிருக்கிறார்.

அவர் சொன்னதில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் ஓர் அலை வந்ததா? போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன், அலை வந்திருந்தால் நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் நான் பார்த்தது அவர் கையை மட்டும்தான். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்றால், அதை நம்பவும் ஆள் வேண்டுமே.

இதில் வேடிக்கை, குப்பத்தில் என் மதிப்பு உயர்ந்துவிட்டது. மச்சானுக்காக மேலதிகாரியிடமே போய்ப் பொய் சொன்ன மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். திமிர் பிடித்தவன் என்று நினைத்தோம், தங்கமான ஆளாக இருக்கிறாரே என்றார்களாம். என் மனைவிகூட அன்று ராத்திரி ஒரு துண்டு மீனை அதிகமாக வைத்தாள். நிஜமாகவே நான்தான் விழுந்தேன் என்றேன். தெரியும் தெரியும், சாப்பிடு என்றாள். முள்ளோடு சேர்த்து அதையும் மென்று விழுங்கினேன்.

இப்போது கழியில் சண்டை இல்லை. துடுப்புப் படகு தெரிந்தால் மோட்டார் படகு ஊர்ந்துதான் போக வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். சங்கத்தாருக்குச் சந்தோஷம். மச்சான் இடத்தில் வந்திருக்கிற புது ஆளுக்குக் கடல் பழக்கமில்லை, எங்கேயோ ஏரியில் ஓட்டியவராம். விதிப்படி மெதுவாக வருகிறார், விதிப்படி ஒதுங்குகிறார், ஓர் அலை இல்லை. முகத்தைத் திருப்பாமல் போகிறார். கை தூக்குவதில்லை. பழைய ஆட்களும் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள், ஒரு கை தூக்கப் போய்த்தானே இவ்வளவும் என்று. முதலில் பொய் என்ற அவர்களிடம் மட்டும் என் வாக்குமூலம் எப்படியோ எடுபட்டிருக்கிறது, உதவாத நேரத்தில். முழங்கால் குணமாகிவருகிறது. டாக்டர் ரொம்பத் திருப்தியாக இருக்கிறார்.

மச்சான் ஓ.எம்.ஆரில் ஓர் அடுக்குமாடி வாசலில் இருக்கிறார்.

போன வாரம் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். என் மனைவி குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். தூரத்திலேயே நீலச் சட்டை தெரிந்தது. தொப்பி அவருக்குக் கொஞ்சம் பெரிசு. ஒரு கார் உள்ளே போனது. அவர் நிமிர்ந்து நின்று வலது கையைத் தூக்கி சல்யூட் வைத்தார். அந்தக் கை எப்படிப் போகிறது என்று எனக்கு ஆச்சரியம். கிட்டே போய்க் கேட்டேன். இடது கையால் வைத்ததற்குச் சூப்பர்வைசர் திட்டினாராம், வலதில்தான் வைக்க வேண்டுமாம்.

"வலிக்கலையா மச்சான்?"

"இந்த வேலைக்குக் காது வரைக்கும் போனா போதும் மாப்ள" என்றார்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். சிரிக்க வேண்டிய இடம், அதில் நான் தேர்ந்தவன். எனக்கு வரவில்லை. குழம்புத் தூக்கைக் கொடுத்தேன். என்ன மீன் என்று கேட்டார். வஞ்சிரம் என்றேன். எங்கே வாங்கியது என்று கேட்டார். சந்தையில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் போய், காவல் கூண்டுக்குள் இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

ஹாரன் கேட்டது. பாட்டிலை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார், கையைக் காதுவரை தூக்கினார். கண்ணாடி ஏற்றிய கார். உள்ளே இருந்தவர் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டிப் போனார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

மச்சான் கையை இறக்கவில்லை. பின்னால் இன்னொரு கார் வந்துகொண்டிருந்தது.